காந்திக்கும் அதே டோப்பா

என் கடையில் பதினொரு மொட்டை டோப்பாக்கள் இருக்கின்றன. ஆகஸ்ட் முதல் வாரத்தில் அவற்றை வெளியே எடுத்து, உள்பக்கம் முகப்பவுடர் தூவி, நிழலில் விரித்து வைப்பேன். பவுடர் இல்லாவிட்டால் ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது கிழிந்துவிடும். ஆகஸ்ட் 14 மாலைக்குள் பதினொன்றும் கடையை விட்டுப் போயிருக்கும். பதினொரு காந்திகள். அக்டோபர் 2க்கு மறுபடியும் காந்திகள். தை பிறந்தால் பள்ளிகளில் ஆண்டு விழா தொடங்கும், அப்போது அதே பதினொன்றும் வேறு வேலைக்குப் போகும். பிள்ளை பிடிப்பவன், கடத்தல்காரன், ஊர்க் குளத்தை வளைத்துப் போடும் முதலாளி, உலகத்தை அழிக்கக் கிளம்பிய விஞ்ஞானி. காந்திக்கு வட்டக் கண்ணாடியும் கைத்தடியும் சேர்த்துத் தருவேன். வில்லனுக்குக் கறுப்புக் கண்ணாடியும் கோட்டும். தலை ஒன்றுதான். வாடகையும் ஒன்றுதான்.

மதுரையில் நாடக சாமான் வாடகைக்கு விடும் கடை என்னுடையது. அப்பா ஆரம்பித்தது. அவர் காலத்தில் மாறுவேடப் போட்டியெல்லாம் பெரிய வரும்படி இல்லை. திருவிழா மாதங்களில் ஸ்பெஷல் நாடகம் போடுகிற ஊர்களுக்குப் பெட்டி கட்டி அனுப்புவார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, அரிச்சந்திர மயான காண்டம். கிரீடம், புஜகீர்த்தி, சடாமுடி, ஒட்டு மீசை, சவுரி என்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலை மனப்பாடமாக ஒப்பித்துத்தான் நான் எழுத்துக் கூட்டக் கற்றேன்.

அந்தப் பெட்டிகளில் கெட்டவன் என்றால் முடி. நிறைய முடி. எமனுக்கு மீசை காதைத் தொட வேண்டும். அரக்கனுக்குத் தோள் வரை சுருட்டை, அதுவும் சணலைச் சாயத்தில் முக்கிக் காயவைத்துச் செய்தது. சூரபத்மன் பொம்மையைத் திருச்செந்தூரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், கிரீடத்துக்குக் கீழே முதலில் கண்ணில் படுவது மீசைதான். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எமன் வேடம் கட்டி ஆடியதைப் பார்த்து ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டது, அதன்பிறகு அவர் வேடம் கட்டுவதையே விட்டுவிட்டார் என்று நாடகக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அவ்வளவு பயத்தையும் உண்டாக்கியது அரிதாரமும் மீசையும் குரலும்தான்.

மொட்டை டோப்பா அப்பாவிடம் ஒன்றே ஒன்று இருந்தது. வெள்ளைத் துணியில் தைத்து, மேலே தோல் நிறத்தில் வண்ணம் பூசியது. அது பபூனுக்கு. நாடகம் தொய்யும்போது பபூன் அதைப் போட்டுக்கொண்டு வருவார், எதிரில் நிற்பவர் அதில் ஓங்கித் தட்டுவார், ஊர் சிரிக்கும். தட்டித் தட்டி உச்சியில் வண்ணம் போய்விடும் என்பதால் வருடத்துக்கு இரண்டு முறை பூச வேண்டியிருந்தது.

1984ல் நூறாவது நாள் வந்தது. மணிவண்ணன் படம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, சித்தப்பாவோடு போனேன். சத்யராஜ் மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியும் சிவப்புக் கோட்டுமாக வந்து நின்றார். அந்த வாரம் முழுக்க இரவில் கொல்லைப்பக்கம் தனியாகப் போக மாட்டேன் என்று அம்மாவை எழுப்பினேன். நான் மட்டும் பயப்படவில்லை போலிருக்கிறது. அடுத்த பங்குனியில் ஊர் இளைஞர்கள் போடும் சமூக நாடகத்துக்குச் சாமான் கேட்டு மேலூர்ப் பக்கத்திலிருந்து இருவர் வந்தார்கள். பட்டியலில் ‘மொட்டை, வில்லனுக்கு’ என்று எழுதியிருந்தது. அப்பா அதை இரண்டு முறை படித்தார். “பபூன் டோப்பாவா? வில்லனுக்கா?” என்றார். அவர்கள் ஆமாம் என்றார்கள். அப்பா பெட்டியைத் திறந்து கொடுத்தார். உச்சியில் அறை வாங்கிய தழும்போடு அது வில்லன் வேலைக்குப் போனது அன்றைக்குத்தான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் மகள். அவள் காமிக்ஸ் பைத்தியம். சூப்பர்மேனின் பரம எதிரி லெக்ஸ் லூதர் மொட்டைத் தலையன் என்பது எனக்கும் தெரியும். ஆனால் 1940ல் அந்தப் பாத்திரம் முதலில் வந்தபோது தலை நிறையச் சிவப்பு முடி இருந்ததாம். அடுத்த ஆண்டே முடி காணாமல் போய்விட்டது. கதையில் எதுவும் நடக்கவில்லை. செய்தித்தாள் தொடருக்கு வரைந்த ஓவியர் வேறொரு மொட்டைப் பாத்திரத்தோடு குழப்பிக்கொண்டார் என்றுதான் சொல்கிறார்கள். தவறு பிடித்துப் போய்விட்டது, வைத்துக்கொண்டார்கள். ஏன் மொட்டை என்பதற்குக் காரணம் எழுத 1960 வரை ஆனது. ஆய்வுக்கூடத்தில் தீப்பிடிக்கிறது, சிறுவனாக இருக்கும் சூப்பர்மேன் ஊதி அணைக்கிறான், கிளம்பிய ரசாயனப் புகையில் லூதரின் முடி மொத்தமும் கொட்டிவிடுகிறது. அந்தக் கோபம்தான் வாழ்நாள் பகை.

முடி போனதற்காக ஒருவன் உலகத்தையே எதிரியாக நினைப்பான் என்பது, முடி போன என் போன்றவர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது. நாங்கள் மிஞ்சிப்போனால் எண்ணெய்க் கடைக்காரர் மேல் கோபப்படுவோம்.

இதைவிட வேடிக்கை, சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1933ல், பள்ளிக்கூடப் பையன்களாக இருந்தபோது, தாங்களே அச்சிட்ட ஒரு பத்திரிகையில் ‘சூப்பர்மேனின் ஆட்சி’ என்ற பெயரில் ஒரு கதை வெளியிட்டிருக்கிறார்கள். அதில் சூப்பர்மேன் பிறர் மனதை ஆட்டிவைக்கும் கெட்டவன். படத்தில் அவன் தலையில் ஒரு முடிகூட இல்லை. பிறகு அவர்கள் அவனை நல்லவனாக மாற்றினார்கள், நெற்றியில் ஒரு சுருள் முடியும் வைத்தார்கள். போன மொட்டை எதிரியின் தலைக்கு இடம் மாறிக்கொண்டது. மகள் இதைச் சொன்ன அன்று இரவு எனக்கு டோப்பா அலமாரியைப் பார்க்கவே சிரிப்பாக வந்தது.

மேற்கில் இந்த வழக்கம் இன்னும் பழையது. 1897ல் நாவலாக வந்த டிராகுலாவுக்கு அடர்ந்த மீசை உண்டு. 1922ல் ஜெர்மனியில் அந்தக் கதையைத் தழுவி நோஸ்ஃபெராட்டு என்று பேசாப்படம் எடுத்தார்கள், அதில் பேய்க்கு வழுக்கைத் தலை. ஜேம்ஸ் பாண்டின் எதிரி புளோஃபெல்டும் இப்படித்தான். 1961 நாவலில் ஒட்ட வெட்டிய கறுப்பு முடி, 1967 படத்தில் டொனால்ட் பிளசன்ஸ் மொட்டைத் தலையும் முகத்தழும்பும் மடியில் வெள்ளைப் பூனையுமாக உட்கார்ந்திருப்பார். அந்தத் தலை கப்பலேறி பம்பாய்க்கும் வந்தது. ரமேஷ் சிப்பி 1975ல் ஷோலே எடுத்தபோது கப்பர் சிங் பரட்டைத் தலையும் தாடியுமாக இருந்தான், எங்கள் அப்பாவின் அரக்கர் பெட்டியிலிருந்து எழுந்து வந்தவன் மாதிரி. அதே சிப்பி 1980ல் ஷான் எடுத்தார். வில்லன் ஷாகால், தனித் தீவில் மொட்டைத் தலையோடு. ஐந்து வருடத்தில் இந்தி வில்லன் முடி வெட்டிக்கொண்டுவிட்டான். ஆனால் ஊர் இன்றும் மனப்பாடமாகப் பேசிக்காட்டுவது பரட்டைத் தலையனின் வசனத்தைத்தான்.

அம்ரிஷ் பூரியைச் சொல்லாமல் விட என் தொழில் அனுமதிக்காது. 1984ல் ஸ்பீல்பெர்க் எடுத்த இண்டியானா ஜோன்ஸ் படத்துக்காக அவர் தலையை மழித்தார். பிறகு அப்படியே வைத்துக்கொண்டார், விதவிதமான டோப்பா போட வசதியாக இருக்கிறது என்று. டோப்பா கட்டுகிற எவனும் இதைக் கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவான். முடி உள்ள தலையில் டோப்பா நிற்பது பெரும்பாடு. வேர்த்தால் நழுவும், கிள்ளும், பின்கழுத்தில் தூக்கிக்கொள்ளும். மொட்டைத் தலையில் சட்டிக்கு மூடி மாதிரி உட்காரும்.

2017ல் அமெரிக்கத் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. அங்கே திரைப்படக் கழகம் தேர்ந்தெடுத்த முதல் பத்து வில்லன்களையும் முதல் பத்து நாயகர்களையும் வரிசையாக வைத்து, யாருக்குத் தோலில், முடியில் என்ன குறை என்று மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். பத்து வில்லன்களில் ஆறு பேருக்கு ஏதோ ஒன்று இருந்தது, மூன்று பேருக்கு முடி உதிர்ந்த தலை. நாயகர்களில் ஒருவருக்கும் சொல்லும்படி எதுவும் இல்லை. மகள் படித்துக் காட்டினாள். “மாறுவேடப் போட்டிக்கு ஆண்டு முழுக்க சாமான் கொடுக்கிறவனிடம் கேட்டிருந்தால் ஒரு டீ செலவில் சொல்லியிருப்பேனே” என்றேன்.

ஆனால் எனக்கு உண்மையில் பிடிபடாமல் இருந்த விஷயம் வேறு. நம் ஊரில் மொட்டை என்பது பயப்படுகிற பொருளே இல்லை. பழனிக்கும் திருப்பதிக்கும் சமயபுரத்துக்கும் போய்வந்த மொட்டைகள் தெருவுக்குத் தெரு உலவுகின்றன. கைக்குழந்தைக்கு முதல் முடி இறக்குவதைக் காது குத்தோடு சேர்த்து விருந்து வைத்துக் கொண்டாடுகிறோம். நம் மொழியே இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. தானாகக் கொட்டினால் வழுக்கை, கத்தி வைத்து எடுத்தால் மொட்டை. வழுக்கை என்ற சொல்லைக் கேட்டால் பாதிப் பேருக்கு இளநீர்தான் ஞாபகம் வரும். மொட்டை என்றால் இருக்க வேண்டியது இல்லாதது. கூரை இல்லாத மாடி மொட்டை மாடி, எழுதியவன் பெயர் இல்லாத கடிதம் மொட்டைக் கடிதாசி.

மொட்டைத் தலையைக் கண்டால் நாம் முதலில் கேட்பது “எந்தக் கோயில்?” என்றுதான். பழனியா, திருப்பதியா என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கூடக் கேட்பார். கேட்கக் கூடாத மொட்டை ஒன்று உண்டு, அப்பனோ அம்மாவோ தவறியதற்கு எடுத்தது. அதைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். இரண்டில் எதுவானாலும் காரணம் உண்டு. சிவப்புக் கோட்டுப் போட்ட சத்யராஜிடம் எந்தக் கோயில் என்று யாராலும் கேட்க முடியாது. எனக்கு அன்று உறக்கம் கெட்டது அதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது. பெயர் இல்லாத கடிதம் வந்தால் வீடு எப்படிக் கலங்குமோ, அப்படி, காரணம் சொல்லாத மொட்டை.

2001ல் ஆளவந்தானில் கமல் இரட்டையராக நடித்தார். ஒரே முகம். பித்துப்பிடித்த சகோதரனுக்கு மட்டும் மொட்டை. அந்த வருடம் எனக்கு மொட்டை டோப்பா கூடுதலாக நான்கு வாங்க வேண்டியிருந்தது. 2007ல் சிவாஜி படத்தின் கடைசியில் ரஜினி மொட்டைத் தலையைத் தட்டிக்கொண்டு வந்தார், அதற்கப்புறம் சில மாதங்கள் எங்கள் தெருப் பிள்ளைகள் என்னை பாஸ் என்று கூப்பிட்டார்கள். எனக்கு இருபத்தேழு வயதில் கொட்டத் தொடங்கி, முப்பத்து மூன்றில் மிச்சமிருந்ததையும் நானே மழித்துவிட்டிருந்தேன். அந்தச் சில மாதங்கள் நன்றாகத்தான் இருந்தன. டீக்கடையில் மாஸ்டர் எனக்கு மட்டும் டீயை இரண்டு அடி உயரத்தில் ஆற்றினார்.

2009ல் நான் கடவுள் வந்தது. பிச்சைக்காரர்களை வைத்துப் பிழைக்கும் தாண்டவனாக ராஜேந்திரன். பாஸ் பட்டம் அன்றோடு போனது. கடைக்கு வந்த ஒரு குழந்தை என்னைப் பார்த்துத் தாயின் சேலைக்குள் போய்விட்டது.

ராஜேந்திரன் சண்டைக் கலைஞராக இருந்தவர். ஒரு மலையாளப் படப்பிடிப்பில் ரசாயனக் கழிவு கலந்த தண்ணீரில் குதித்ததில்தான் முடியெல்லாம் கொட்டிவிட்டது என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார். லூதரின் கதை எனக்கு அப்போது தெரியாது. பின்னால் மகள் சொன்னபோது உடனே இவர்தான் நினைவுக்கு வந்தார். கதையில் ரசாயனத்தால் முடி கொட்டியவன் கெட்டவன் ஆகிறான். இங்கே ரசாயனத்தால் முடி கொட்டிய மனிதர் எந்தக் கெடுதலும் செய்யாமல் வேலைக்குப் போகிறார், கெட்டவன் வேடம் அவரைத் தேடி வருகிறது. அது நெடுநாள் நிற்கவும் இல்லை. அடுத்த ஆண்டே பாஸ் என்கிற பாஸ்கரனில் திரையரங்கம் அவரைப் பார்த்துச் சிரித்தது, இன்றுவரை சிரித்துக்கொண்டிருக்கிறது. அப்பா இருந்திருந்தால், அந்தத் தலை போக வேண்டிய பெட்டிக்குத்தான் திரும்பி வந்திருக்கிறது என்று சொல்லியிருப்பார்.

தொழில்காரனாக ஒன்று சொல்கிறேன். பயம் மொட்டையில் இல்லை, புருவத்தில் இருக்கிறது. ராஜேந்திரன் முகத்தை நினைத்துப் பாருங்கள். மனிதன் கோபமா, கேலியா, பரிவா என்று நாம் படிப்பது புருவத்தில். அது இல்லாத முகம் எதுவும் சொல்லாது. ஆண்டு விழாவுக்கு வில்லன் பிள்ளை வந்தால் டோப்பாவை மாட்டிய கையோடு, ஈரச் சோப்பைப் புருவத்தில் அழுத்தித் தேய்த்துப் படியவைத்து, மேலே பவுண்டேஷன் பூசிவிடுவேன். கண்ணாடியில் பார்த்து அந்தப் பிள்ளையே ஒரு விநாடி திடுக்கிடும். காந்திக்குப் புருவத்தில் கொஞ்சம் வெள்ளை தடவி, சிரிக்கச் சொல்வேன், போதும். அடுத்தது மினுமினுப்பு. காந்தித் தலைக்குப் பவுடர் அடிக்க வேண்டும், வில்லன் தலை விளக்கில் பளபளக்க வேண்டும். அதற்காக ஓர் ஆசிரியர் தேங்காய் எண்ணெய் தடவி இரண்டு டோப்பாவைப் பாழாக்கிக் கொடுத்தார். ரப்பருக்கு எண்ணெய் எமன். கிளிசரின் இரண்டு சொட்டுப் போதும்.

போன மாசியில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளியிலிருந்து ஆண்டு விழாப் பட்டியல் வந்தது. வில்லனுக்குக் கறுப்புக் கண்ணாடி, கோட்டு. டோப்பா எழுதவில்லை. கேட்டதற்கு, நான்காம் வகுப்பில் ஒரு பையன் மொட்டையோடு வந்திருக்கிறான், அவனையே வில்லனாகப் போட்டுவிட்டோம், டோப்பா வாடகை மிச்சம் என்று ஆசிரியை சொன்னார். சரிதான் என்று எழுதிக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு அப்பத்தா கடைக்கு வந்தார். பேரனைக் கையில் பிடித்திருந்தார். பையன் தலை முழுக்கச் சந்தனம், பழனியிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டுவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறார். சாமான் கொடுக்கிறவன் நான் என்பதால் இந்த யோசனையும் என்னுடையதுதான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“முருகனுக்குக் கொடுத்த முடி ஐயா அது. காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தான், வேண்டிக்கொண்டு எடுத்தோம். அதைக் காட்டி என் பேரனைக் கெட்டவனாக்கப் பார்க்கிறீர்களா?” என்றார்.

நான் பேசாமல் நின்றேன். அவர் என் தலையைப் பார்த்தார். கொஞ்சம் தணிந்து, “உங்களுக்கு எந்தக் கோயில்?” என்று கேட்டார்.

“எனக்குக் கோயில் இல்லை அம்மா, பரம்பரை” என்றேன். சிரித்துவிட்டார். சிரித்த பிறகு பேசுவது எளிதாக இருந்தது. பையனோ வில்லன் வேடத்தை விடமாட்டேன் என்கிறான். வசனம் எல்லாம் பாடமாகிவிட்டது, இரண்டு இடத்தில் பயங்கரமாகச் சிரிக்க வேண்டும், அதைக் கடையிலேயே செய்து காட்டினான். நன்றாகவே செய்தான்.

அரக்கர் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. அப்பா கட்டிய சணல் டோப்பாக்களில் ஒன்றுதான் மிச்சம், ஆனால் அதே அச்சில் நைலான் முடியில் கட்டியவை மூன்று உண்டு. தோள் வரை சுருட்டை. ஒன்றை எடுத்து அந்தச் சந்தனத் தலைமேல் மாட்டினேன். மொட்டைத் தலை அல்லவா, சட்டிக்கு மூடி மாதிரி உட்கார்ந்தது. காதுவரை மீசையும் ஒட்டினேன். பேரன் கண்ணாடியில் பார்த்துவிட்டு மறுபடியும் அந்தச் சிரிப்பைச் சிரித்தான். அப்பத்தா தலையைச் சாய்த்துப் பார்த்தார். “இது கெட்டவன்தான்” என்றார் திருப்தியாக. கோட்டையும் கறுப்புக் கண்ணாடியையும் வேண்டாம் என்று அவரே எடுத்து ஓரமாக வைத்தார்.

டோப்பா வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது. உள்வலை முழுக்கச் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. பழைய பல் பிரஷ்ஷை நனைத்து அரை மணி நேரம் தேய்த்தேன், நிறம் போனது, வாசம் போகவில்லை. திங்கட்கிழமை அதை எடுத்துப் போனது ஒரு கட்டபொம்மன்.